வேலியோரம் காத்து நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் ஸ்கேட்டர்களே,

ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் இந்தப் பனித்தளக் கலையை நெடுங்காலமாக ரசிகர் வரிசையில் உட்கார்ந்து பார்த்து வருகிறவன் என்பதற்கு மேல், உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு வேறு யோக்கியதை ஒன்றும் கிடையாது. தளத்தில் இறங்கச் சொன்னால் சுற்றுவேலியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிற ரகம் நான். ஆயினும், ஆடுகிறவருக்குப் புலப்படாத சில விஷயங்கள் பார்க்கிறவன் கண்ணில் படுவதுண்டு. ஒத்திகையில் பிசகே இல்லாமல் ஆடுகிற ஒருவர் போட்டியன்று தள்ளாடும்போது, அந்தத் தள்ளாட்டம் இசை ஆரம்பித்த பிறகு பிறந்ததன்று என்பதையும், அவர் வேலியோரம் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்து நின்றபோதே அது அவருடைய தோள்களில் குடிபுகுந்துவிட்டது என்பதையும் நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

போட்டியின் அமைப்பே காத்திருப்பை உங்கள் தலையில் சுமத்துகிறது. தனிநபர் பிரிவில் உங்களைப் பெரும்பாலும் ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 6 நிமிஷம் தளத்தைத் திறந்துவிடுகிறார்கள். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பரப்பில் ஆறு பேரும் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடாமல், பாதி நேரம் பின்னோக்கிச் சறுக்கியபடியே, தத்தம் குதிப்புகளைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வார்ம்-அப் முடிந்த மாத்திரத்தில் ஆறு பேருடைய கதியும் ஆறு விதமாகிவிடுகிறது. முதலாவதாக ஆட வேண்டியவர் மூச்சிரைப்பு அடங்குவதற்குள் தளத்தின் மத்தியில் போய் நிற்க வேண்டியிருக்க, ஆறாவதாக ஆட வேண்டியவரோ, முன்னவர் ஐவரும் ஆடி, ஐவருக்கும் மதிப்பெண் அறிவிக்கப்பட்டு முடிகிற வரையில், அரை மணிக்கு மேலாகவே உள்ளறையில் அடைபட்டுக் கிடக்கிறார். இறுக்கிக் கட்டிய பூட்ஸில் அவ்வளவு நேரம் இருந்தால் பாதம் மரத்துவிடும் என்பதனால் நாடாவைத் தளர்த்தி, பிறகு மறுபடியும் அடியிலிருந்து கட்டுகிறார். அந்த இரண்டாவது கட்டு முதற்கட்டைப் போல் அமைந்ததா இல்லையா என்ற சந்தேகம் ஒன்றே மனிதரைப் பாதி கொன்றுவிடப் போதும். கடைசியில் பெயர் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு ஆரம்ப நிலையில் போய் நிற்க அரை நிமிஷந்தான் அவகாசம். தாமதித்தால் மதிப்பெண் கழியும். இவ்வளவும் 2 நிமிஷம் 40 விநாடி நீடிக்கும் ஷார்ட் புரோகிராமுக்காக, அல்லது 4 நிமிஷம் நீடிக்கும் ஃப்ரீ ஸ்கேட்டுக்காக! ஆட்டத்துக்கு இராப்பகலாகச் சாதகம் செய்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு நீண்ட இந்த வேளைக்கு ஒரு நாழிகைகூடச் சாதகம் செய்யாமல் வந்து நிற்பது விபரீதமான ஏற்பாடு அல்லவா?

காத்திருக்கும்போது சரீரத்தில் நடப்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அட்ரினலின் இரத்தத்தில் கலந்தவுடன் இருதயம் விரைகிறது, விரல்கள் சில்லிடுகின்றன, நா வறள்கிறது, தொடைத் தசை தானாகத் துடிக்கிறது. கச்சேரி மேடையில் பாடுகிறவருக்கும் முழங்கால் நடுங்கலாம். ஆனால் பாட்டுக்கு முழங்கால் தேவையில்லை. நீங்களோ சுமார் 4 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டின் மேல், அதிலும் உள்விளிம்பு வெளிவிளிம்பு என்னும் இரண்டில் ஒன்றின் மேல் மட்டும், உடற்பாரம் முழுவதையும் ஏற்றி நிற்கிறவர்கள். அணுப் பிரமாணமான நடுக்கமும் பனியில் கோடாகப் பதிந்துவிடும். ஆதலால் உங்களைப் பார்த்து 'பயப்படாதே' என்று சொல்வது எனக்குக் குரூரமாகவே தோன்றுகிறது. வேகமெடுத்த இருதயத்துக்கு நிதானமாக இரு என்று உத்தரவிட்டால் அது கேட்பதில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறர் முன்னிலையில் பேச வேண்டியிருந்தவர்களுள், 'அமைதியாயிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாயிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களே மேலாகப் பேசினார்கள் என்று கண்டார். இதைச் சர்வரோக நிவாரணியாக நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் உற்சாகத்துக்கும் பயத்துக்கும் இருதயம் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது என்பதை ஒப்புக்கொண்டால், அந்தப் படபடப்பைக் கண்டு இரண்டாவது தடவையாகப் பயப்படுவதாவது மிச்சமாகும். மேடை ஏறுகிறவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பயமே.

அதைவிடப் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. அதை விளக்க ஒரு பழைய வித்தையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காலத்தில் உங்கள் கலையின் பெரும்பகுதி, பனியின் மேல் வட்டங்களையும் சுழிகளையும் ஒரே காலால் வரைந்து, வரைந்த கோட்டின் மேலேயே மறுபடி வரைந்து காட்டுவதாக இருந்தது. 1990-ஆம் ஆண்டோடு அது உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பழைய வித்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாசற்கோலம் ஞாபகத்துக்கு வரும். தினந்தோறும் விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் புள்ளிக்கோலத்தைப் பிசகில்லாமல் போட்டு முடிக்கிற பெண், சம்பந்தி வீட்டார் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்று, புள்ளிகளை மனசுக்குள் எண்ண ஆரம்பிக்கிறாள். எண்ண ஆரம்பித்த இடத்திலேயே இழை கோணிப்போகிறது. கை அறிந்ததை மனம் மேற்பார்வை பார்க்க வந்ததனால் விளைந்த கேடு அது. சியன் பைலாக் முதலிய மனோதத்துவ அறிஞர்கள் கோல்ஃப் ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்த சோதனைகளிலும் இதுவே தெரிய வந்தது: தன் அசைவைத் தானே கவனிக்கச் சொன்னபோது கற்றுக்குட்டிக்கு அது உபகாரமாயிற்று, தேர்ந்தவருக்கோ அடி பிசகியது. போட்டிக்கு வருகிற நீங்கள் தேர்ந்தவர்கள். வேலியோரத்தில் நின்றுகொண்டு, 'இடது தோளை அடக்க வேண்டும், வலது முழங்காலை மடக்க வேண்டும், தகட்டின் நுனிப் பல்லைத் தாமதித்து ஊன்ற வேண்டும்' என்று பயிற்சி மாதங்களின் பாடம் முழுவதையும் திருப்பி ஒப்பிக்கிறவர் தன் காலைத் தானே கட்டிக்கொள்கிறார். ஒரு குதிப்புக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லையும் உங்கள் பயிற்சியாளரும் நீங்களும் கூடிப் பல வாரங்களுக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் காது இசையில் இருக்கட்டும்.

பயத்தின் வேலை விழுவதில்தான் வெளிப்படும் என்று பொதுஜனங்கள் நினைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், அது 'பாப்' ஆவதில் அதிகமாக வெளிப்படுகிறது. மூன்று சுற்றுக்கு எழும்பியவர், விழுந்துவிடுவோமோ என்ற கணநேரத் தயக்கத்தில் கைகளை விரித்து ஒரே சுற்றோடு இறங்கிவிடுகிறார். பார்வைக்குக் கௌரவமாகக் காலூன்றி நிற்கிறார். கணக்குப் பாருங்கள். ட்ரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.9. சுற்றுகளை முழுமையாக முடித்த பிறகு விழுந்தால், தரப்புள்ளியின் பேரில் அந்த மதிப்பில் அதிகபட்சமாகப் பாதி கழிந்து, விழுந்ததற்கு மேலும் 1 கழிந்து, ஏறக்குறைய 2 மிஞ்சும். 'பாப்' ஆன லட்ஸின் மதிப்போ 0.6. சீனியர் பிரிவின் ஷார்ட் புரோகிராமில் அதுவும் கிடையாது. விதித்த சுற்று இல்லாத குதிப்புக்குச் சூன்யமே பரிசு. இரு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யுவின் நான்கு சுற்று சால்கோ, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒரே சுற்றாகிச் சூன்யம் பெற்றதை உலகமே பார்த்தது. அது பயத்தினால் அன்று. பனியில் கிடந்த ஒரு குழியில் தகடு சிக்கிவிட்டதாக அவர் சொன்னார். ஆனால் விதிக்குக் காரணம் தெரியாது. விழுந்தால் கலைமதிப்பிலும் சிறிது கழியும் என்பது மெய்யே. அப்படியிருந்தும், விழுவதற்கு அஞ்சிச் சுற்றைக் கைவிடுகிறவர், தாம் அஞ்சிய நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டத்தைத் தாமாகவே தேடிக்கொள்கிறார். இந்தக் கணக்கைப் போட்டிக்கு முன்பே மனசில் பதித்துக்கொண்டவருக்கு விழுவது ஒரு செலவினமாகத் தோன்றும். மற்றவருக்கு அது பிரளயமாகத் தோன்றும்.

இனி, இரண்டு பேரைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாடா ஷார்ட் புரோகிராமில் ட்ரிபிள் ஆக்ஸலில் விழுந்து, மற்றக் குதிப்புகளும் கலைந்து, 16-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். முக்கியமான தருணத்தில் விழுவதே அந்தப் பெண்ணின் வழக்கம் என்ற பொருள்பட, அவருடைய தேசத்தின் முன்னாள் பிரதமர் ஒருவரே பேசினார். மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டில் அதே ட்ரிபிள் ஆக்ஸலை முதற்குதிப்பாக நிறைவேற்றி, அதுவரை தாம் பெற்றிராத 142.71 புள்ளிகளைப் பெற்று, ஆட்டம் முடிந்த இடத்திலேயே நின்று அவர் கண்ணீர் விட்டார், ஆறாம் இடம். நான்கு வருஷத்துக்குப் பின் பியோங்சாங்கில் அமெரிக்காவின் நேதன் சென்னுக்கும் அதே விபத்து: தங்கம் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர், முதல் நாள் 17-ஆம் இடம். மறுநாளோ ஆறு முறை நான்கு சுற்றுக் குதிப்பில் எழும்பி, 215.08 புள்ளிகளோடு அன்றைய ஆட்டத்தில் யாவரையும் விஞ்சி, மொத்தத்தில் 5-ஆம் இடம் வரையில் ஏறினார்.

இவ்விரு கதைகளையும் சொல்கிறவர்கள், இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது பயம் நீங்கிவிடுகிறது என்று முடிப்பது வழக்கம். அது பாதி உண்மை. அதனால் உங்களுக்குப் பிரயோஜனமும் இல்லை, ஏனெனில் இரண்டாம் நாள் நன்றாக ஆடும்பொருட்டு முதல் நாள் 17-ஆம் இடத்துக்குப் போய்வாருங்கள் என்று யாரும் உங்களுக்கு யோசனை சொல்ல முடியாது. என் அபிப்பிராயம் வேறு. முதல் நாள் காத்திருந்தபோது அவர்களுடைய மனசுக்கு எண்ணிப் பார்க்க ஆயிரம் கணக்குகள் இருந்தன: பதக்கம், தேசம், எதிராளி, பத்திரிகை. இரண்டாம் நாள் அந்தக் கணக்குகள் யாவும் தாமாகவே அற்றுப்போனதனால், மிஞ்சியது அடுத்த குதிப்பு ஒன்றே. அதாவது, காத்திருக்கும் வேளையை நிரப்பியிருந்த பொருள் மாறியது. தோல்வி தற்செயலாகச் செய்து கொடுத்த அந்தக் காரியத்தை மனிதன் பயிற்சியால் செய்துகொள்ள முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சென்னே சாட்சி. 2022-இல் பெய்ஜிங்கில், அதே எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு, அதே ஷார்ட் புரோகிராமுக்கு இறங்கியவர், எந்த வீழ்ச்சியின் உபகாரமும் இல்லாமலே 113.97 என்னும் உலக சாதனையைப் பெற்று, தங்கத்தோடு திரும்பினார்.

அந்தப் பயிற்சி எப்படி? அது மிகவும் சாதாரணமானது. சாதாரணமானது என்பதனாலேயே பலர் செய்வதில்லை. ஒத்திகையில் முதற்குதிப்புப் பிசகினால், சலித்துக்கொண்டு நின்று, இசையை மறுபடி ஆரம்பத்திலிருந்து போடச் சொல்வது உங்களில் அநேகருடைய பழக்கம். போட்டியில் இசையை மறுபடி போடமாட்டார்கள். ஆகவே பிசகிய பிறகு மிச்சத்தை எப்படி ஆடுவது என்ற பாடத்தை நீங்கள் படித்ததேயில்லை என்று ஆகிறது. வாரத்துக்குச் சில நாளாவது, என்ன நேர்ந்தாலும் கடைசி நிலை வரையில் நிறுத்தாமல் ஆடுங்கள். போட்டிக்குரிய ஆடையை அணிந்து, தளத்தில் இருக்கும் மற்றவர்களை வேலியோரம் நின்று பார்க்கச் சொல்லி ஆடுங்கள். இன்னும் ஒன்று: வார்ம்-அப் செய்துவிட்டு, பூட்ஸைத் தளர்த்தி, முப்பது நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்து, மறுபடி கட்டிக்கொண்டு, ஒரு சோதனைக் குதிப்பும் இன்றி நேராக ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள். முதன்முறை கால்கள் மரக்கட்டையாக இருக்கும். பழகப் பழக, அந்த நாற்பது நிமிஷத்தில் எப்போது எழுந்து நடப்பது, எப்போது நடைக்கூடத்தில் காதில் இசையை வைத்துக்கொண்டு ஆட்டத்தை வெறுங்காலால் நடந்து பார்ப்பது, எப்போது நாடாவைக் கட்டுவது என்பதற்கெல்லாம் உங்களுக்கென்று ஒரு கிரமம் ஏற்படும். கிரமம் உள்ள இடத்தில் கற்பனைக்கு அலைய இடம் குறைவு.

நாடாவைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்றால், 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் டோன்யா ஹார்டிங், நாடா அறுந்ததனால் கடைசி நிமிஷத்தில் பரபரத்து ஓடிவந்து, ஆட்டத்தை ஆரம்பித்த சற்று நேரத்தில் அழுதுகொண்டே நடுவர் மேஜை விளிம்பில் காலைத் தூக்கி வைத்துக் காட்டிய காட்சியை மறக்க முடியவில்லை. மறுபடி ஆட அவருக்கு அநுமதி கிடைத்தது, 8-ஆம் இடம். புதிய நாடா இரண்டு ஜோடி உங்கள் பையில் இருக்கட்டும். பூட்ஸில் உள்ள நாடாவோ, போட்டியன்று காலையில் புதிதாகக் கோக்காமல், சில நாள் முன்பே கோத்துப் பழக்கியதாக இருக்கட்டும்.

ஆட்டத்தின் நடுவே பிசகு நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் காத்திருக்கும் வேளையிலேயே தீர்மானமாகியிருக்க வேண்டிய விஷயம். 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் மிடோரி இட்டோவின் ஃப்ரீ ஸ்கேட்டைப் பாருங்கள். ஆசியாவிலிருந்து முதன்முதலாக உலகப் பட்டம் வென்றவர் என்ற பாரத்தோடு, முந்திய ஆட்டத்தில் விழுந்த நினைவோடு இறங்கிய அவர், தமது புகழ்பெற்ற ட்ரிபிள் ஆக்ஸலில் மறுபடியும் விழுந்தார். ஆட்டம் முக்கால் பாகம் கடந்து, உடல் தளர்ந்திருந்த கட்டத்தில், அதே குதிப்பை இன்னொரு முறை வைத்து நிறைவேற்றினார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் செய்த முதல் ட்ரிபிள் ஆக்ஸல் அதுவே. வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. எல்லோரும் இட்டோ ஆக வேண்டியதில்லை. 1972-இல் சப்போரோவில் ஜேனட் லின் சுழற்சி ஒன்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, எழுந்தபோது புன்னகை செய்தார். அன்று தங்கம் வென்ற பியாட்ரிக்ஸ் ஷூபாவைவிட, வெண்கலம் பெற்ற அந்தப் புன்னகைக்காரியையே ஜப்பானியர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் போலக் கொண்டாடினார்கள்.

பிறருடைய மதிப்பெண் உங்கள் காதில் விழாமல் இருக்க வழி தேடுங்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கிம் யூனாவுக்கு அந்த வழியும் இல்லை; அசாடா அற்புதமாக ஆடி 73.78 பெற்று, அரங்கம் ஆரவாரித்துக்கொண்டிருந்தபோதே அவர் தளத்தில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கி 78.50 பெற்றார். வேலிக்கு அப்பால் நின்ற அவருடைய பயிற்சியாளர் பிரையன் ஆர்சர், 1988-இல் கால்கரியில், சொந்த தேசத்து மக்கள் முன்னிலையில், மயிரிழையில் பிரையன் பொய்டானோவிடம் தங்கத்தை இழந்தவர். காத்திருப்பு இன்னதென்று உடலால் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது கிம்முக்குப் பெரிய பலமாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பெயர் அழைத்த பின் கிடைக்கும் அந்த அரை நிமிஷத்தில் செய்யக்கூடியது அதிகமில்லை: உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால் இருதயம் சற்றே தணியும், இரண்டு முறை அழுத்தமாகச் சறுக்கித் தகட்டுக்குப் பனியை உணர்த்தினால் கால் நடுக்கம் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பயத்தின் கட்சி. 2014 நவம்பரில் ஷாங்காயில், வார்ம்-அப்பின்போது ஹன்யுவும் சீனாவின் யான் ஹானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். தலையில் கட்டோடு திரும்பி வந்து, ஐந்து முறை விழுந்தும் ஹன்யு ஆட்டத்தை முடித்தார். இரண்டாம் பரிசும் பெற்றார். வீரம் என்று உலகம் மெச்சியது. அவரை ஆட விட்டிருக்கக் கூடாது என்பதே அன்றும் இன்றும் என் கட்சி. தலை சுற்றுகிறது, கணுக்கால் தாங்கவில்லை என்று உடல் சொல்லும்போது, அதைச் சபைக்கூச்சம் என்று பெயரிட்டு அடக்காமல், பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வேலியோரம் வந்து மதிப்பெண், இடம், செலவு முதலியவற்றைப் பற்றிப் பேச வேண்டாம். தண்ணீர் புட்டியைக் கொடுத்துவிட்டு மேலே போய் உட்கார்ந்தால் போதும். அவர்களுடைய நடுக்கத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எதை மறந்தாலும் மறந்துபோங்கள். தளத்தின் வாசலில் பிளேடு கார்டுகளைக் கழற்ற மட்டும் மறக்க வேண்டாம். பதற்றத்தில் அந்தப் பிளாஸ்டிக் உறைகளோடே பனியில் கால்வைத்து, இசை தொடங்குமுன்பே மல்லாந்து விழுந்தவர்கள் உலகப் பிரசித்தர்களிலும் உண்டு. கழற்றிப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள். வேலியின் மேல் வைத்தால், திரும்பி வரும்போது யாராவது தட்டிவிட்டிருப்பார்கள்.

இங்ஙனம்,
ரசிகர் வரிசையிலிருந்து,
உங்கள் நலம் விரும்பும் ஒருவன்